அப்பா வென்ற தூக்கப் போட்டி

கூலங்காட்டா,
நவம்பர் மாதம், வியாழக்கிழமை காலை.
(சமையலறைக் கடிகாரப்படி பத்து மணி, படுக்கையறைக் கடிகாரப்படி ஒன்பது.)

அன்பு மகன் லாக்கிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். அவர் ஒரு மணி நேரம் முன்னால் சுகமாக இருக்கிறார், நான் ஒரு மணி நேரம் பின்னால் சுகமாக இருக்கிறேன், கோடை முடியும்வரை இப்படித்தான். கல்கூர்லியில் நீயும் என் மருமகள் டானியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் நல்லாத்தாம்மா இருக்கேன் என்று சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விடுகிறாய், சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவனை நிறுத்திவைத்துப் பேச எனக்கும் மனசு வருவதில்லை. அதனால்தான் இந்த முறை காகிதத்தை எடுத்தேன். காகிதத்தில் நீ என்னைப் பாதியில் வெட்டிவிட்டுப் போக முடியாது. ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து கடைசிவரை படி, நடுவில் தாவிப் படித்தாய் என்றால் எனக்குத் தெரிந்துவிடும், டானி சொல்லிவிடுவாள்.

நம் தெருவின் கூத்து உனக்குத் தெரியாததல்ல. நம் வாசல் குயின்ஸ்லாந்து, எதிர் நடைபாதை நியூ சௌத் வேல்ஸ். அக்டோபர் வந்ததும் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிக்கொள்வார்கள், நாம் மாட்டோம். உன் அப்பா வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் இருப்பதால் சமையலறைக் கடிகாரத்தை மட்டும் அவர்கள் நேரத்துக்கு வைத்திருக்கிறார், படுக்கையறைக் கடிகாரத்தைத் தொடக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். குப்பை வண்டி ஓட்டிய காலமெல்லாம் ஒழுங்காக இருந்த மனிதர், ஓய்வு பெற்றபின் பள்ளி வாசலில் 'நில்' பலகையைப் பிடித்துக் குழந்தைகளைச் சாலை கடக்கவிடும் வேலைக்குப் போனார் அல்லவா, அங்கே போன மாதம் என்ன செய்தார் தெரியுமா? உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், ஆனால் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. சாலை நடுவில், இரண்டு பக்கமும் கார்களை நிறுத்திவைத்துவிட்டு, பலகைக் கம்பில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டார். கார்க்காரர்கள் மரியாதைக்குக் காத்திருந்தார்கள், குழந்தைகளும் காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்து அவருடைய ஆரஞ்சுச் சட்டையை இழுத்து, "மிஸ்டர் டெஸ், நாங்க போலாமா, இல்ல நீங்க இன்னும் தூங்கணுமா?" என்று கேட்டாளாம்.

ஊரே சிரித்தது. தலைமையாசிரியை எனக்குப் போன் செய்து அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை லாக்கி. அந்தப் பெண்ணுக்குப் பொறுமை இல்லாமல் போயிருந்தால், ஒரு காருக்குப் பொறுமை இல்லாமல் போயிருந்தால் என்று நினைத்தேன். இவரோ வீட்டுக்கு வந்து, "தூங்கலடி, வெயில் கண்ணுல அடிச்சுது, கொஞ்சம் மூடினேன்" என்கிறார். அன்றைக்கு மேகமூட்டம். டாக்டரிடம் போகலாம் என்றால், "தூக்கம் வராதவன்தான் டாக்டர்கிட்டப் போவான், எனக்குத்தான் நின்ன இடத்துல வருதே, அப்புறம் என்ன?" என்று ஒரு கேள்வி. இந்த வக்கீல் மூளையை வைத்துக்கொண்டு ஏன் குப்பை வண்டி ஓட்டினாரோ.

அந்தச் சமயத்தில்தான் பிரிஸ்பேன் பல்கலைக்கழகத்திலிருந்து எலெனி என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். தூக்கத்தை ஆராய்ச்சி செய்கிற டாக்டர், ஆளைப் பார்த்தால் அவளே இரண்டு நாள் தூங்காதவள் போல இருந்தாள். ஒரே தெருவில் இரண்டு நேரத்தில் வாழ்கிறவர்களின் தூக்கத்துக்கும் உடம்புக்கும் என்ன ஆகிறது என்று பார்க்க வந்திருக்கிறாளாம். வீடு வீடாக ஏறி, கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, தூங்கிய நேரத்தையும் விழித்த நேரத்தையும் எழுத ஒரு தாள், ஓர் இரவு மட்டும் விரலில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப், இவற்றை ஒரு வாரத்துக்குக் கொடுத்தாள். நான் உடனே சம்மதித்தேன். உன் அப்பா, "நான் என்ன ஆராய்ச்சிக்கூடத்து எலியா?" என்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். போகட்டும் என்று விட்டேன். இந்த மனிதரைத் தள்ளினால் நகரமாட்டார் என்று எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு கெல்வினைத் தள்ளினால்தான் இவர் நகருவார்.

சாயங்காலம் தேங்காய்த்தூள் தூவிய சாக்லேட் கேக் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு கெல்வின் வீட்டுக்குப் போனேன். தெருவிலேயே தன்னைப் போலத் தூங்குகிறவன் கிடையாது, கெல்வின் கோழித் தூக்கம் தூங்குகிறவன் என்று டெஸ் சொல்கிறார், என்ன செய்வது கெல்வின், வயசானால் இப்படித்தான் வாய் நீளுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு நம் வீட்டில் உட்கார்ந்து அதே கதையைப் பெயர் மாற்றி உன் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் எலெனியின் கார் தெருமுனையில் திரும்புவதற்குள் இரண்டு பேரும் வாசலில் நின்று மணிக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பந்து உருட்டும் கிளப்பில் ஒரு கரும்பலகையில் இரண்டு பேரின் பெயரையும் எழுதி, தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று போட்டார்கள், பரிசு சாசேஜும் கறியும் அடுக்கிய ஓர் இறைச்சித் தட்டு. கெல்வின் புதுத் தலையணை வாங்கினார். உன் அப்பா பீரை நிறுத்தி வாழைப்பழம் அடித்த பால் குடித்தார். தூங்குவதற்கு முன்னால் உடற்பயிற்சி செய்கிற மனிதரை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். தினமும் காலையில் கெல்வினைவிட அரை மணியாவது கூடுதலாகத் தூங்கியிருந்தார், சனிக்கிழமை இறைச்சித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பின்கட்டில் அடுப்பு மூட்டி, தோற்ற கெல்வினையே கூப்பிட்டு அவர் தட்டில் சாசேஜ் வைத்து, "சாப்பிடுடா, தெம்பு வரட்டும், அடுத்த வருஷம் முயற்சி பண்ணு" என்றார்.

அதே நேரத்தில் எலெனி தாள்களை வாங்கிப் போக வந்தாள். அப்பாவின் தாளைப் பார்த்தாள், கைப்பட்டையைத் தன் கணினியில் செருகிப் பார்த்தாள், வீட்டுக்குள் போய் இரண்டு அறைகளையும் எட்டிப் பார்த்தாள், திரும்பி வந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். "டெஸ், நீங்க படுக்கும்போது எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினீங்க?" "படுக்கையறைக் கடிகாரம்தான்." "எழுந்ததும்?" "நேரா டீ போட சமையலறைக்குப் போவேன், அங்க இருக்கிறதைப் பார்த்து எழுதினேன்." குயின்ஸ்லாந்தில் படுத்து நியூ சௌத் வேல்ஸில் எழுந்து, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு மணி நேரம் சும்மா சம்பாதித்திருக்கிறார் உன் அப்பா. கெல்வின் முள்கரண்டியோடு எழுந்து நின்று, "என் இறைச்சியைக் கீழ வைடா" என்றார். பாதி சாசேஜ் அவர் வயிற்றில்தான் இருந்தது. எலெனி இருவரையும் சமாதானப்படுத்தி, உடம்புக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கு, அது அரசாங்கம் சொல்றதைக் கேக்காது, வெயில் சொல்றதைத்தான் கேக்கும் என்று விளக்கினாள். உன் அப்பா விடுவாரா, "அப்போ அது குயின்ஸ்லாந்துக்காரன்தான்" என்றார்.

அதுவரை எல்லோரும் சிரித்தோம். பிறகு எலெனி எங்களை மட்டும் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். விரல் கிளிப்பில் பதிவாகியிருந்ததைக் காட்டினாள். தூங்கும்போது ஒரு மணி நேரத்தில் முப்பது தடவைக்கு மேல் உன் அப்பாவுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. ஒவ்வொரு தடவையும் உடம்பு அவரை உலுக்கி எழுப்புகிறது, அவருக்கு அது தெரிவதில்லை, எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்காத கணக்குத்தான். இதயத்துக்கு நல்லதில்லை, ரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை, சாலையில் நிற்கவே கூடாது, கார் ஓட்டவும் கூடாது என்றாள். உன் அப்பாவிடமிருந்து ஒரு பகடிகூட வரவில்லை. எனக்கு வேறொன்று தோன்றியது. அவருடைய குறட்டை திடீரென்று நிற்கும் அல்லவா, அப்பாடா, நிம்மதி என்று அந்த அமைதியில்தானே இத்தனை வருடம் நான் கண் அசந்தேன்.

சரி, அழுததெல்லாம் போதும், இப்போது நல்ல செய்தி. தூக்க மருத்துவமனையில் ஒரு மூச்சு இயந்திரம் கொடுத்திருக்கிறார்கள், மூக்கில் முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய். முதல் நாள் நாய் அவரைப் பார்த்துக் குரைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. இரண்டு வாரத்தில் மனிதர் மாறிவிட்டார், காலையில் பாடுகிறார், வேலிக்குச் சாயம் அடிக்கிறார், நான் கேட்காத அலமாரியெல்லாம் செய்கிறார். பகலில் அவர் தூங்கிய நேரத்தில் நான் நிம்மதியாகப் பார்த்த நாடகங்களையெல்லாம் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டே கெடுக்கிறார். டாக்டர் சரி என்று சொன்னபிறகு பலகையும் கையுமாகப் பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கிவிட்டார்.

இனிமேல்தான் உன் பங்கு. நீ நெளிவது இங்கே தெரிகிறது. போன மாதம் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கார் சாலையை விட்டு இறங்கிச் செம்மண்ணில் போய் நின்றதே, கங்காரு குறுக்கே வந்தது என்றாயே, டானி மறுநாள் போய்ப் பார்த்தாள். பிரேக் போட்ட தடமே இல்லை. கங்காருவைப் பார்த்தவன் பிரேக் போடாமலா இருப்பான்? அவள் உன்னிடம் சண்டை போடவில்லை, அது என்னிடம் கற்றுக்கொண்டது. நீ பகலில் தூங்கும்போது உன் குறட்டையைப் போனில் பிடித்து எனக்கு அனுப்பினாள். போன ஞாயிறு சமையலறை மேசையில் வைத்து உன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். யார் என்று சொல்லவில்லை. கேட்டதும் கோபம் வந்துவிட்டது, "தூங்கற மனுஷனைப் போய்ப் பதிவு பண்ணுவியாடி?" என்றார். தன் குறட்டை என்றே நினைத்துவிட்டார். நம்ம லாக்கி என்றேன். அப்போது பார்த்து உன் சத்தம் நின்றது. நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. உன் அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடுடா. லாக்கி, மூச்சு விடுடா" என்று கத்தினார். அது ஐந்து நாள் பழைய பதிவு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினார். நீ மூச்சு விட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

ஆகவே வருகிற புதன்கிழமை தூக்க டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கியாகிவிட்டது, டானி கூட வருவாள். அதுவரை கார் சாவி அவளிடம் இருக்கும், தேடாதே, நீ தேடமாட்டாத இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், அதாவது பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம். வேலைக்குச் சுரங்க பஸ்ஸில் போய் வா. காலையில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், படுக்கையறை ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டு, ஷிஃப்டின் பின்பாதியில் காபி குடிக்காதே, இதெல்லாம் எலெனி சொன்னது. டானி பெயருக்கு ஒரு பழக் கேக் அனுப்பியிருக்கிறேன், ரம் ஊறியது. நீ டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் டப்பாவைத் திறப்பாள்.

நீங்கள் இருவரும் நெடுங்காலம் ஒருவர் தூக்கத்தை ஒருவர் கெடுத்துக்கொண்டு நன்றாக வாழ வேண்டும். கடவுள் உன்னைக் காக்கட்டும், அவர் அசரும் நேரத்தில் டானி பார்த்துக்கொள்வாள். புதன்கிழமையை மறந்துவிடாதே.

என்றும் உன் அன்பு அம்மா,
கோரல்

உன் அம்மா காகிதத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தாள். நான் வெயிலைச் சொன்னேன், நீ கங்காருவைச் சொன்னாய். என் பொய்க்கு எதிரில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். போய் டாக்டரைப் பாரடா. அப்பா.