கோல் வைத்திருப்பவர்கள்

ஆண்ட்வெர்ப்
4.1.2025

அன்புள்ள இந்துவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நம் மகள் மௌனிகாவும் நலமா? போன் கெட்டுவிட்டது, அதனால்தான் கடிதம். குளிர்பதனக் கிடங்கு வேலையை விட்டுவிட்டு இப்போது மியூசியத்தில் காவலுக்கு நிற்கிறேன். இந்த பெல்ஜியத்தின் பழைய பிளெமிஷ் ஓவியர் குடும்பம் ஒன்றின் கண்காட்சி நடக்கிறது. அப்பன், மகன்கள், பேரன்கள் எல்லோரும் தூரிகை பிடித்தவர்கள். அப்பன் வரைந்ததையே மகன் திரும்பத் திரும்ப வரைந்து பிழைத்திருக்கிறான். அதில் ஒரு படத்தை அச்சடித்த தபால் அட்டையை அனுப்பியிருக்கிறேன். ஏரி உறைந்துபோய் ஊரே அதன்மேல் விளையாடுகிறது. மௌனிகாவிடம் காட்டு.

உன் அஜய்

தேவிகுளம்
16.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அட்டை பொங்கலுக்கு மறுநாள் வந்தது. இங்கேயும் உறைபனிதான். தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிப்போய் எங்களுக்குச் சரியாக வேலை இல்லை. அத்தைக்கு முட்டுவலி. ஒரு போன் வாங்க முடியாத வேலையா அது என்று கேட்டால் கோபிப்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

படத்தை மௌனிகா அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். ஊரே விளையாடுகிறது என்று எழுதினீர்கள். மூலையில் ஓர் ஆள் பனி உடைந்து இடுப்பு வரை உள்ளே போய்விட்டான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருக்கிறான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாள் முழுக்க அதன் முன்னால் நிற்கிற உங்கள் கண்ணில் அது படாமலா இருக்கும்? உங்களோடு தங்கியிருக்கும் பிஜுவுக்குப் போன் போட்டால், "அவன் நல்லா இருக்கான் சேச்சி" என்று அவசரமாக வைத்துவிடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு மட்டுமாவது உண்மையை எழுதுங்கள்.

இந்து

ஆண்ட்வெர்ப்
28.1.2025

இந்து,

மூலையில் இருக்கும் அவனுக்காகத்தான் அந்த அட்டையை எடுத்தேன்.

நான் காவலாளி இல்லை. கிடங்கில் வேலை போய் மூன்று மாதமாகிறது. விசாவும் அதோடு போயிற்று. வீட்டுக்காரன் விரட்டியதால் பிஜு அறையிலும் தங்க முடியவில்லை. கடிதம் மட்டும் அங்கே வரும். ராத்திரி ஸ்டேஷன், பகலில் மியூசியம். பிஜு வாங்கித் தந்த பாஸ் இருக்கிறது. உள்ளே குளிர் இல்லை. அங்கிருக்கும் காவலாளி என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்.

அடுத்த அறையில் அதே படம், மகன் வரைந்தது. எல்லாம் அப்படியே இருக்கிறது, அந்த ஆள் மட்டும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அவன் இல்லாததால் படத்துக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையோடு கண்காட்சி முடிகிறது. அப்புறம் எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை. ஆற்றுப் பக்கம் போனால் கால் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த முகத்தோடு எஸ்டேட் லயத்துக்கு வரமாட்டேன். அம்மாவிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. என் மானத்தையாவது காப்பாற்று.

அஜய்

தேவிகுளம்
12.2.2025

மச்சான்,

உங்கள் கடிதம் முந்தாநாள்தான் கிடைத்தது. அந்த ஞாயிறு போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பிஜுவுக்கே தெரியவில்லை. வந்தால் கொடுக்கச் சொல்லி இதை அவர் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

நீங்கள் கேட்டதை நான் செய்யவில்லை. படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். அங்கே விளையாடுகிறவர்கள் கையில் பந்தடிக்கும் நீளக் கோல் இருக்கிறது. ஒருவன் திரும்பி அதை நீட்டினால் போதும், விழுந்தவன் மேலே ஏறிவிடுவான். யாராவது சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்.

அத்தையிடம் சொன்னேன். அழுது முடித்துவிட்டு, "ஏட்டி, வெறுங்கையோட வந்தா என்ன, எம்புள்ள வந்து நின்னா போதும்" என்றார்கள். பேக்டரியில் சொன்னேன். தாலுக்கா ஆபீசில் போய் நின்று எம்பசிக்கு எழுத வைத்தேன். பிஜுவிடம் கத்தினேன். அவரும் கூட்டாளிகளும் உங்கள் போட்டோவோடு ஸ்டேஷனில் தேடுகிறார்கள். பெயர் தெரியாத அந்தக் காவலாளிக்கும் மௌனிகாவின் டீச்சரை வைத்து ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

இப்போது லயம் முழுக்கத் தெரியும். உங்கள் மானத்தை வாங்கிவிட்டேன் மச்சான். வந்து என்னைத் திட்டுங்கள்.

இந்து