கஞ்சியா, சீனித்தண்ணியா

கோலா சிலாங்கூர்,
9 அக்டோபர் 1988

அன்பு மகள் வாகீஸ்வரிக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகமாகவே இருக்கிறோம், என் முழங்கால் வலியைச் சுகத்தில் சேர்த்துக்கொண்டால். அந்தச் சீமைக் குளிரில் நீயும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. போன மாதம் நான் எழுதிச் சொன்னபடியே செய்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நீ ஒரு வருடமாகத் தேடிச் சேர்த்த கட்டுரைக் குறிப்பு அட்டைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாய், அந்த ஆராய்ச்சியைச் செய்யும் டாக்டர்கள் கேட்டும் கொடுக்கவில்லை, இப்போது ஒரு சின்ன டாக்டர் தன் மேசையில் கிடந்த கட்டுரைகளை மட்டும் வைத்து வேலையை முடிக்கப்போகிறான், கல்கத்தாவிலும் டாக்காவிலும் செய்து பார்த்த சோதனைகளில் பாதிக்கு மேல் அவனுக்குத் தெரியவே தெரியாது என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில் ‘கிடந்து படட்டும் அப்பா’ என்று ஒரு வரி. அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, என் மகள் என்றேன் பெருமையாக. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "உங்கட கோபத்தைப் பிள்ளைக்கும் பார்சல் கட்டி அனுப்பிப்போட்டியள். இனி அவளும் உங்களைப் போல ஒருத்தரோடையும் கதைக்காமல் தனிய இருந்து தேத்தண்ணி குடிக்கட்டும்" என்றாள். நான் எழுந்து கடைத்தெருப் பக்கம் போய்விட்டேன்.

இதற்குள் இன்னொன்று நடந்தது. பின்வீட்டில் குடியிருக்கும் கங்காவை உனக்குத் தெரியும், தோட்டத்திலிருந்து வந்தவள். அவள் சின்ன மகனுக்கு வயிற்றுப்போக்கு, கண் குழிந்து துவண்டுபோனான். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று யாரோ சொல்ல அவள் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் அழகேசன் தற்செயலாக வந்தவர் அவளைச் சத்தம்போட்டு, அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கரண்டி கரண்டியாக ஊட்ட வைத்தார். மறுநாள் காலை பையன் எழுந்து பிஸ்கட் கேட்டு அழுதான். அதல்ல நான் சொல்ல வந்தது. அழகேசன் என் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "ஐயா, உங்க மக அங்க இதத்தானே தேடுதுன்னு சொன்னீங்க, என்னதான் முடிவு? வயித்தால போனா எது நல்லது, கஞ்சியா, சீனித்தண்ணியா? நான் கஞ்சின்னா இங்க வந்திருக்கிற புது டாக்டரு இங்கிலீஷ் புத்தகத்துல காட்டுங்கிறாரு லா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதிலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டு என்று எழுதியவன் நான். வேலை நடக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்த டாக்டர்கள் உனக்குச் செய்தது நியாயம் என்று நான் சொல்லவே மாட்டேன். கட்டுரையில் உன் பெயரையும் போடுவோம் என்று சொல்லி வேலை வாங்கிவிட்டு, முடிகிற நேரத்தில் அடியில் ஒரு வரி நன்றி போதும் என்பது என்ன நாணயம்? நான் தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்து எழுதிக் கொடுத்த மறுநடவு அறிக்கைக்காகத் துரைக்குக் கடிகாரம் கிடைத்தது, நான் அதை மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்த அறிக்கை பிழையாகப் போயிருந்தால் நட்டம் கம்பெனிக்குத்தான். உன்னுடையது அப்படியில்லை என்பது எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது. நீ முன்பு எழுதியிருந்தாய், படித்து முடிவு சொல்வது அவர்கள், எதையெல்லாம் படிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது நான், அச்சில் வராமல் ஒருவர் மேசை இழுப்பறைக்குள் கிடப்பதையும் கடிதம் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும், தங்களுக்குப் பிடித்ததை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ள விடக்கூடாது என்று. நல்ல வேலை அது. அம்பிகைபாகன் தன் மகன் டாக்டர் என்று கோயிலில் என்னைக் கண்டால் தொண்டையைச் செருமுவாரே, அந்தக் கடுப்பில் உன் வேலையை நான் ஒருநாளும் நல்ல வேலை என்று சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், இவ்வளவு தாமதமாக, அதுவும் அதை நானே கெடுத்த பிறகு.

மாதக் கடைசி வரை கட்டுரைகள் சேர்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இந்தக் கடிதம் கண்டதும் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடு. அவர்களை மன்னிக்க வேண்டியதில்லை, சிரிக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும் கேள், எங்கெங்கே தேடினாய், எந்தெந்தச் சொற்களை வைத்துத் தேடினாய், எதை ஏன் விட்டாய் என்பதை முழுதாக அச்சில் போடச் சொல். பிறகு வருகிறவன் அதே வழியில் போய்ச் சரிபார்க்கலாம் அல்லவா. உன் பெயருக்கும் கேள், ஆனால் அதற்காகப் பெட்டியை மறுபடி பூட்டாதே. டெலிபோன் பண்ணச் சொன்னாள் அம்மா, பேச ஆரம்பித்தால் நான் பழையபடி உனக்கும் கோபத்தை ஏற்றிவிடுவேன் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. இரவில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காமல் சோறு வடித்துச் சாப்பிடு. கட்டுரை வந்ததும் ஒரு பிரதி அனுப்பு, அழகேசன் அந்தப் புது டாக்டரிடம் காட்டட்டும், முடிவு எதுவாக இருந்தாலும் சரி. உனக்கு எல்லா நன்மையும் வாய்க்க அம்மாவும் நானும் வேண்டுகிறோம். போன மாதம் நான் எழுதிய கடிதத்தை மறக்காமல் திருப்பி அனுப்பிவிடு. அந்தக் கோபம் என்னுடையது, அது என்னிடமே இருக்கட்டும்.

உன் அப்பா,
ச. ஆனந்தராஜா