திங்கட்கிழமை வாங்க

என்னை விட்டுப் போயும் போகாமல் இருக்கிற ஸ்டெல்லா அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் பதினோரு நாளும் ஆகிறது. நம்ம கோயில் பங்குப் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். ஐந்தாவது படித்தவள் ஊருக்கு என்ன எழுத? அவருக்கு வேண்டுமானால் எழுதுகிறேன், படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்றேன். நம் மகள் ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். ஊருக்கும் ஒரு விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு எந்தக் கிழமையிலும் பல் பிடுங்குவீர்கள். நம்ம கோயில் ஆட்கள் வந்தால் மட்டும், "திங்கட்கிழமை வாங்க." ஞாயிற்றுக்கிழமை பூசையில் நாக்கில் நற்கருணை அப்பம் வைத்து நன்மை வாங்கும்போது வாயில் ரத்தம் இருக்கக்கூடாது, புண் ஆற ஆறு நாளாவது வேண்டும் என்பது உங்கள் சட்டம். எந்தச் சாமியாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒருவர் கன்னம் வீங்கி சைக்கிளில் வந்தார். "நான் அடுத்த வாரம் நன்மை வாங்கிக்கறேன் டாக்டர், இப்பவே பிடுங்கிடுங்க" என்று அழுதார். நீங்கள் கிராம்புத் தைலம் வைத்துவிட்டு, அவருக்குக் காபி கொடு என்றீர்கள். பாவம், சூடாகக் குடிக்க முடியாதே என்று ஆற்றிக் கொடுத்தேன்.

அப்படிப்பட்ட நீங்கள், போன வருஷம் தவக்காலத்திலிருந்து நன்மை வாங்க எழுந்திருக்கவே இல்லை. முன் வரிசையில் மண்டியிட்டபடியே இருப்பீர்கள். எல்லாரும் உங்கள் காலைத் தாண்டிக்கொண்டு பீடத்துக்குப் போவார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஒரு நாள் அடுப்படியில் கேட்டேன், நினைவிருக்கிறதா?

"எனக்கும் சேர்த்து நீ வாங்கிட்டு வா, புஷ்பம். புருஷன் பெண்டாட்டிக்கு ஒண்ணு போதாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவான பாவம் உள்ளவன்தான் நன்மை வாங்கக்கூடாது என்று கோயில் ஞானோபதேச வகுப்பில் படித்தவள் நான். எனக்குத் தெரிந்த படிப்பு அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் அதே நினைப்பு. வறுத்த மீன் வேண்டாம் என்றீர்கள். முறுக்கைத் தொடவில்லை. சோற்றைக் குழைத்துப் பிசைந்து கொண்டீர்கள். ஏதோ பாவத்துக்குப் பரிகாரமாக ஒறுத்தல் செய்கிறார் என்று நினைத்தேன். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் முனியம்மாகூடக் கேட்டுவிட்டாள்: "இன்னா டாக்டரம்மா, வஞ்சிரம் வறுக்குற வூடு இப்ப சுறாப்புட்டு வூடா பூட்ச்சு? பல்லு டாக்டருக்கே பல்லு இல்லியா?" நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் சொன்னதை ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

விடியற்காலையில் சர்க்கரை வியாதிக்காக நடக்கப் போகிறேன் என்று கிளம்புவீர்கள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று மனசுக்குள் தேடினேன். நம்ம தெருவில் ஒருத்தியையும் நான் விட்டு வைக்கவில்லை. நீங்களும் மன்னிக்க வேண்டும், அவர்களும் மன்னிக்க வேண்டும்.

அப்படி நடந்து திரும்பும்போதுதான் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். வீட்டுக்குத் தூக்கி வரும்போதே உயிர் இல்லை. சாமியார் வந்து எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச நேரமில்லை. சட்டைப் பையில் ஜெபமாலையோடு ஒரு உப்புப் பொட்டலம் இருந்தது. எவளோ மந்திரித்துக் கொடுத்த உப்பு என்றே முடிவு கட்டினேன். எறியவும் பயம், வைத்திருக்கவும் பயம். உங்கள் துணிப் பெட்டிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

உங்களை அடக்கம் பண்ணின அன்றைக்கே இரண்டு பேர் என் காதுபடப் பேசினார்கள். "எத்தனை மாசமா நன்மை வாங்கலை, ஆத்துமா எங்க நிக்குதோ." அதைத்தான் வருஷம் பூராவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, மோட்சம் கேட்கவில்லை, பாவம் எரிந்து தீருகிற உத்தரிக்கிற ஸ்தலமாவது கொடும் என்று ஜெபமாலை சொன்னேன்.

வருஷத்துப் பூசைக்கு நம்ம பழைய பங்குச் சாமியார் வந்திருந்தார். நீங்கள் இறந்த அன்று காலையிலேயே தியானத்துக்குப் போய், அப்படியே திண்டிவனம் பக்கம் மாற்றலாகிப் போனவர். பூசை முடிந்ததும் அவரைத் தனியே பிடித்து, "சாமி, அவர் ரட்சிக்கப்பட்டிருப்பாரா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்லக் கூடாது, ஆனால் இது வெளியில் நடந்தது, சொல்லலாம் என்றார். அவர் உங்களிடம் பல் பிடுங்கிக்கொள்ள வந்தாராம், திங்கட்கிழமைதான். கை கழுவும்போது நீங்கள் துப்பியது சிவப்பாக இருந்ததாம். ஈறு அழுகி, மாசக்கணக்காக ரத்தம் நிற்கவில்லை என்று அவரிடம்தான் ஒத்துக்கொண்டீர்களாம்.

"நன்மை வாங்க வாங்க டாக்டர், ஆண்டவர் ரத்தம் பாக்காதவரான்னு கேட்டேன்மா. 'வீங்கின கன்னத்தோட ஜனங்களைத் திருப்பி அனுப்பினவன் சாமி நான், அவங்க முன்னாடி எப்படி வருவேன்'னார்."

அதனால் விடியற்காலையில் ஆளில்லாத நேரத்தில் வரச் சொன்னாராம். கோயில் கிணற்றடியில் உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, ரத்தம் நின்றால் ஒரு துளி நற்கருணையை ஸ்பூனில் தண்ணீரோடு வாங்குவீர்களாம். நிற்காத நாளில் வாங்காமலே திரும்பிவிடுவீர்களாம்.

நான் கேட்டேன்: "கடைசி நாள் நின்னுச்சா சாமி?"

"நின்னுச்சும்மா. வாங்கிட்டுத்தான் போனார். உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனைச்சேன்?"

எனக்கு ஏன் சொல்லவில்லை நீங்கள்? பல் டாக்டருக்கே ஈறு அழுகுது என்று சிரிப்பேன் என்றா? சிரித்திருப்பேன்தான். சிரித்துவிட்டு சோற்றைக் குழைய வடித்திருப்பேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஒரு வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் குழம்பில் உப்பு குறைவு என்பது நாக்குக்குத் தெரிந்தது. ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு மேடவாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. முனியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் அப்பவே சொல்லல?" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். உங்கள் நாற்காலியில் இப்போது ஒரு புது டாக்டர் உட்காருகிறார். நல்ல பையன், கோயிலுக்குப் போகிறவன் இல்லை. என் கடைவாய்ப் பல் போன வாரம் கொன்றுவிட்டது. பார்த்துவிட்டு, சனிக்கிழமை வாங்கம்மா, எடுத்துடலாம் என்றான்.

முடியாது, திங்கட்கிழமைதான் என்றேன். ஏன் என்று கேட்டான். எங்க வீட்டு வழக்கம் என்றேன்.

அதுவரைக்கும் வலி பொறுத்துக்கொள்வேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் சேர்த்து நன்மை வாங்குவேன். திங்கட்கிழமை பல்லைக் கொடுத்துவிட்டு வந்து கொப்பளிக்க, உங்கள் பொட்டலத்து உப்பை எடுத்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் கசிந்திருக்கிறது, ஆனால் கரிக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளைப் பெற்றவள்,
புஷ்பம்