பொட்டு வைக்காத பெட்டி

4-10-08, சனி

காலையிலிருந்து மூட்டம். பாப்பா துணி ஒன்றும் காயவில்லை. இருமல் மருந்து வாங்க வேண்டும்.

மதியம் கடைத்தெருவிலிருந்து வந்த அவர் சாப்பிடவில்லை. வேறொரு வியாபாரி கடையில் நம் கிளி பார்டர் புடவை தொங்குகிறதாம். கரையோரம் தாழம்பூ ரேக்கு வரிசை, நடுவில் கிளி. நான் கம்ப்யூட்டரில் போட்ட டிசைன். மூன்றாவது கிளிக்கு வால் ஒரு கட்டம் குறையும், அவசரத்தில் விட்டது. அந்தப் புடவையிலும் குறைகிறதாம்.

பொங்கலுக்கென்று ஒளித்து வைத்தது. தறிக்கே போகவில்லை, நெய்வதற்குத் துளை போடும் அட்டை கூட அடிக்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல ஒக்கார்றது நீயும் நானும்தான்."

சொல்லிவிட்டுத் தறிப்பக்கம் போய்விட்டார். அதுதான் பயம். செய்யாறில் பட்டுக்கடையில் இருப்பது என் அண்ணன்.

6-10-08, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

அத்தை யாரிடமோ போனில்: "படிச்ச பொண்ணுதான் வேணும்னு தேடிக் கட்டினோம். இன்னா ஆச்சு பாரு." நான் பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருப்பது தெரிந்தே.

பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது அவர் கேட்டார். "ஒங்கண்ணனுக்கு மெயில் கியில் அனுப்பினியா?"

"பாப்பா போட்டோ அனுப்பினேன்."

"போட்டோ மட்டும்தானே?"

அழுதால் ஒப்புக்கொண்டதாகிவிடும். பூஜை முடிந்ததும் அப்பாவை வரவழைத்துப் பேசுவார்களாம். பேசுவது என்றால் என்னை அனுப்புவது. பாப்பாவோடா, தனியாகவா?

நெட் வழியாக யாராவது எடுத்திருப்பார்களோ என்றேன். "பாஸ்வேர்டு கீது இல்ல? பேஜார் பண்ணாத." உண்மைதான். நெட் கம்பெனிக்காரன் மாட்டிய பெட்டியின் சிக்னல் பின்கட்டு வரை எட்டவில்லை என்று இவரே சென்னையிலிருந்து ரூட்டர் வாங்கி வந்து மாட்டினார். அதன் பாஸ்வேர்டு எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் பாபு வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனான். சின்ன மாமனார் மகன், சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. "இன்னா அண்ணி, மூஞ்சி இப்டி கீது? அண்ணன் திட்டிச்சா?" இந்த வீட்டில் என்னிடம் சிரித்துப் பேசுவது அவன் ஒருவன்.

8-10-08, புதன். ஆயுத பூஜை

தறிச் சத்தம் இல்லை. காது அடைத்தது போல.

பொட்டு வைத்தது: தறி, அதில் ஓடும் நாடா, கத்தரி, தராசு, ஸ்கூட்டர், கம்ப்யூட்டர், அவர் லேப்டாப், எங்கள் ரூட்டர். பொட்டு வைத்தது எதுவும் இன்று ஓடக்கூடாது, அத்தை கண்டிப்பு. எல்லாம் அணைத்தாயிற்று.

கம்பெனிப் பெட்டிக்கும் சந்தனத்தோடு போனேன். அத்தை: "அதுக்கு வாணாம். வாடகை சாமான். நம்மளுதா இன்னா?" அதனால் அது மட்டும் அணையவில்லை.

சுண்டல் எடுக்கப் போகும்போது பார்த்தேன். வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. கம்பெனிப் பெட்டியின் வயர்லெஸ் விளக்கு மட்டும் வேகவேகமாகத் துடிக்கிறது. சற்று நிற்கிறது, மறுபடி துடிக்கிறது. யாரோ உள்ளே.

காலேஜில் படித்தது அப்போதுதான் ஞாபகம். பாஸ்வேர்டு போட்டது எங்கள் ரூட்டருக்கு. கம்பெனிப் பெட்டியின் வயர்லெஸ்ஸை யாரும் அணைக்கவில்லை, அதற்குப் பாஸ்வேர்டும் கிடையாது. ரூட்டரைத் திருப்பிப் பார்த்தேன். கம்பெனிப் பெட்டியிலிருந்து வரும் ஒயருக்குத் தனி ஓட்டை இருக்கிறது. அவர் பக்கத்தில் வரிசையாக உள்ள நான்கில் ஒன்றில் செருகியிருக்கிறார். இரண்டு பெட்டியும் ஒன்றாகிவிட்டது. அந்தப் பெட்டி வழியாக வந்தவனுக்கு எங்கள் கம்ப்யூட்டரும் தெரியும். பின்கட்டில் லேப்டாப்பில் பார்க்கவென்று டிசைன் போல்டரைத் திறந்தேதான் வைத்திருக்கிறோம்.

அவரிடம் சொன்னேன். "அப்ப நான் மாட்னதுதான் தப்பு, இல்ல? நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காத."

9-10-08, வியாழன்

தூறல். தறி ஓடுகிறது. பாப்பாவுக்குப் பல் வருகிறது போல, எதையும் கடிக்கிறாள்.

அவர் வெளியே போனதும் கம்ப்யூட்டரிலிருந்து கம்பெனிப் பெட்டிக்குள் போய் வயர்லெஸ்ஸை அணைத்தேன். விளக்கு செத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

உலை கொதிப்பதற்குள் பாபு வந்தான். காலையில் வருகிறவன் இல்லை. தொட்டிலிலிருந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டான்.

"நெட்டு போச்சா அண்ணி?"

அவன் வீட்டில் கனெக்‌ஷனே கிடையாது.

"இல்லையே, வருதே."

அவன் கண் கம்பெனிப் பெட்டி மேல். பாப்பா அவன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"யாரு அதுல கைய வெச்சது? அண்ணனா?"

"நான்தான்."

அதே சிரிப்பு. "அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லிகினு இருக்காதீங்க அண்ணி. ஏற்கெனவே ஒங்க அண்ணன் பேரு அடிபடுது. யாரு நம்புவாங்க?"

கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. "இருக்கட்டும். அப்புறமா கொண்டாந்து வுடறேன்." பின்கதவு வழியாகப் போய்விட்டான்.

பால் நேரம் தாண்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பா அழுகிற சத்தம். சுவரோரம் நின்று இரண்டு முறை கூப்பிட்டேன். அத்தை: "அவங்கிட்டதானே கீது, எதுக்குக் கத்தற?"

கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வயர்லெஸ்ஸை மறுபடி போட்டேன். விளக்கு எரிந்தது. பிறகு துடித்தது.

ஐந்து நிமிடத்தில் பாப்பா வந்துவிட்டாள். கையில் ஒரு பிஸ்கட்.

அப்பா நாளை காலை பஸ்ஸில் வருகிறார்.