தாண்டேலிக் குகையின் இரண்டாவது அறை

உம்ம மகள் ஒருநாள் அந்தக் குகைக்குள் போகத்தான் போகிறாள் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சொன்னபடி நடந்துவிட்டது. நேற்று மாலை போபோடியில் என் வீட்டுக்குள் அவள் நுழைந்ததுமே வௌவால் எச்சத்தின் வாடை. முழங்கையெல்லாம் சேறு. "மாமா, தாண்டேலிலேர்ந்து நேரா இங்கதான் வர்றேன்" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் என் வாக்கு தப்பியதில்லை.

நாம் இருவரும் தாண்டேலிக் காட்டுக்குப் போனது நினைவிருக்கிறதா? அந்தக் காட்டில் எனக்குப் பெயர் தெரியாத மரமே கிடையாது என்று ஜீப்காரனிடம் நான் சொல்ல, நீர் வெளியே பார்த்துச் சிரித்தீர். சாத்தோடி அருவியில் காலை நனைத்துக்கொண்டே, "குத்தாலத்துல பாதிகூடத் தேறாது வே" என்றேன். "குத்தாலத்துக்கும் நீருதான் தண்ணி திறந்துவிட்டீரோ?" என்று கேட்டீர்.

மறுநாள் குகை. படிகள் இறங்கி வாசலுக்கு வருவதற்குள் உமக்கு இரைப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும்.

"நான் இங்கன உக்காந்துக்கிடுதேன். நீரு பாத்துட்டு வந்து ஒண்ணுவிடாமச் சொல்லும்" என்றீர்.

அரைமணி கழித்து வந்து சொன்னேன். கல்லிலேயே தானாக வளர்ந்த லிங்கம், அதன்மேல் சொட்டும் நீர். அதற்கும் அப்பால் இரண்டாவது அறை. கூரையில் ஒரு துவாரம். அதன் வழியே வெயில் விழும் சிறு குளம். நீர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நானே பாத்தமாதிரி இருக்கு வே" என்றீர்.

உம்ம கடைசி மாதங்களில் வானவடி ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, தினமும் அந்த அறையைத்தான் கேட்டீர். நானும் அந்தக் குளத்தில் ஒருநாள் மீன் விட்டேன், ஒருநாள் பாசி படரவிட்டேன். தவறினால் விடமாட்டீர்: "நேத்து மீன் வெள்ளைன்னீரு!" பக்கத்தில் இருந்த உம்ம மகளும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நேற்று அவள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். கரிய பொந்து, உள்ளே நீர் கசிகிறது. "லிங்கம் பாத்துட்டேன் மாமா. அதுக்கப்புறம் சுவருதான். அப்பா சொன்ன தூஸ்ரா ரூம், அந்த ரெண்டாவது அறை, இந்தப் பொந்துக்குள்ளதானே? அடுத்த ஞாயிறு கயிறு கட்டி இறங்கப்போறேன்."

"அது மழையில பாறை விழுந்து மூடிக்கிட்டும்மா" என்றேன்.

"பரவால்ல, ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க. நகத்திடலாம்."

என் பொய்யைக் கேட்டு அதற்குள் தலையை விடப்போகிறாள் உம்ம பிள்ளை. என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு கதையைத் திரும்ப வாங்கினேன். "அப்படி ஒரு அறையே கிடையாதும்மா. உங்கப்பாவுக்காக நான் சொன்னது."

அவள் செல்போனை அணைத்தாள். பிறகு, "அப்பாக்குத் தெரியுமா?" என்றாள். பையில் கொண்டுவந்திருந்த கயிற்றை மட்டும் என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

திருத்த ஆளில்லாவிட்டாலும் அந்த அறை இன்னும் எனக்குள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவளிடமும் சொல்லாத ஒன்றை உம்மிடம் சொல்கிறேன். முதல் அறையையும் நான் பார்க்கவில்லை வே. பத்தடி ஊர்ந்ததும் ஒரு வௌவால் முகத்தில் அடித்தது. அதற்குமேல் உடம்பு நகரவில்லை. லிங்கம் ஜீப்காரன் சொன்னது. அந்த அரைமணி நேரமும் இருட்டில் கவிழ்ந்து கிடந்தபடி, வெளியே காத்திருக்கும் உமக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.