மூடுபனி விலகும் நேரம்

நவம்பர் 4
கல்லூரித் தளத்திலிருந்து என் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு அங்கே இடமில்லையாம். இணையத்தில் தேடினால் நான் எங்குமே இல்லை. வானிலை ஆய்வு மைய வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும்; சொந்த வலைத்தள முகவரி கேட்கிறார்கள். நான் மூடுபனிக் கணக்குப் போடும் அதே 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளிலேயே தளமும் கட்டலாமாம். கட்டித்தான் பார்ப்போமே.

நவம்பர் 6
குவார்ட்டோ என்று ஒரு கருவி. வெறும் எழுத்தாகத் தட்டுவதை ஆர் வழியாகப் பக்கமாக்கித் தருகிறது. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகள் — பனி மெல்ல விலகி, எதிர்வீட்டுச் சுவர், அப்புறம் கொடிக்கயிறு, அப்புறம் அதில் எடுக்க மறந்த சட்டை என்று ஒவ்வொன்றாகத் தெரியுமே, அதுபோல. வெள்ளைத் திரையில் என் பெயர் வந்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

நவம்பர் 7
தளத்தில் மெனுவையே காணோம். காலையெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு வரிக்கு முன்னால் ஓர் இடைவெளி குறைந்திருந்தது. அவ்வளவுதான்.

நவம்பர் 10
'என்னைப் பற்றி' பக்கம். 'வளிமண்டலப் புள்ளியியலில் பன்முக ஆய்வாளர்' என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம் எழுதி வீட்டுக்காரரிடம் காட்டினேன். முதல் பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு கடைசிவரை படித்தார்.
"நல்லாத்தான் இருக்கு. யாரோ பெரிய மனுஷி போல. ஆனா இதுல உன்னைக் காணோமே."
உங்களுக்கென்ன தெரியும்னு வாய்வரைக்கும் வந்துடுச்சு. மறுபடி படிச்சுப் பார்த்தேன். நிஜமாவே காணோம்.

நவம்பர் 11
எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது ஒரே வரி: 'மூடுபனி எப்போது விலகும் என்று கணக்குப் போடுகிறேன், என் கணவர் அதற்குள்தான் பஸ் ஓட்டுகிறார்.' என் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் மேலே, மறுநாள் பனி விலகும் நேரத்தைப் போட்டேன். ஆர் தினமும் தானே கணக்கிட்டு மாற்றிக்கொள்ளும்.

நவம்பர் 20
தளம் இணையத்தில் ஏறிவிட்டது. விண்ணப்பமும் போய்விட்டது.

டிசம்பர் 15
வேலை வேறொருவருக்கு.
அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தளத்தைப் பார்த்துவிட்டு டிப்போ மேலாளர் இன்று முதல் பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளி எடுக்கச் சொன்னாராம். நீங்கதான் காட்டினீங்களா என்றேன்.
"அவருக்கு மட்டுமா? டிப்போவுக்கே காட்டியாச்சு."

ஜனவரி 9
தளம் திறக்கவில்லை போல. விடிந்தும் விடியாமலும் போன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தால் முன்பின் தெரியாத ஓட்டுநர் ஒருவர்; டிப்போவில் என் எண்ணை வாங்கினாராம். அவரிடம் பேசி வைப்பதற்குள் பால்வண்டி ஓட்டுகிறவர்.
"நீங்க சொன்னாத்தான் வண்டிய எடுக்கணும்னு நிக்கிறேன், மேடம்."
கணினியைத் திறந்து ஆரில் கணக்கை ஓட்டினேன். ஏழே காலுக்கு விலகிவிடும், அதுவரை டீ குடித்துக்கொண்டிருங்கள் என்றேன்.
மறுபேச்சே இல்லை. "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.