இல்லாத முடிவைப் பாராட்டியது பற்றி

அன்புள்ள மொட்டைக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனக ஆரம்பிக்கிறது, என்னுடைய வாய் வழக்கம்போல் நன்றாக வேலை செய்கிறது. அங்கே நீ சுகமா என்று கேட்கலாமென்றால் பதினோரு நாளாகப் போனையே எடுக்க மாட்டேன் என்கிறாய். காரணம் எனக்குத் தெரியும், அதனால்தான் கடிதம். கடைசியாகப் போனில் பேசியபோது உன் நாவலைப் படித்தேனா என்று கேட்டாய், நானும் படித்துவிட்டேன், அதிலும் அந்த முடிவு இருக்கிறதே, பிரமாதம், கடைசி வரியில் கண் கலங்கிவிட்டது என்றேன். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாய் என்று நினைத்து இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் போட்டேன். சரிம்மா வெச்சிடறேன் என்று வைத்துவிட்டாய். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா டீ டம்ளரோடு நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுக்குத்தான் முடிவே இல்லையே, எந்த முடிவைப் பாத்து நீ அழுதே என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, அந்த மனிதர் இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்று என் மேஜையிலிருந்து நீ கொடுத்த நாவல் தாள்கட்டை எடுத்துப் படித்துவிட்டு, நூல் முடிச்சைப் பழையபடியே போட்டு வைத்திருக்கிறார். நாற்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கை, முடிச்சில் ஒரு வித்தியாசம் தெரியவில்லை. அவர் எதிரிலேயே பிரித்தேன். மேலேயே உன் கையெழுத்தில் சீட்டு. அம்மா, கடைசி அத்தியாயம் இன்னும் எழுதல, இதுவரைக்கும் படிச்சுட்டு உண்மையைச் சொல்லு, நல்லா இருந்தா முடிக்கிறேன், இல்லன்னா இதோட விட்டுடறேன் என்று எழுதியிருந்தாய். பத்தொன்பது வருஷமாகத் துப்பறியும் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவளுக்கு ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டாயோ என்றுதான் இந்தப் பதினோரு நாளும் மனசு அடித்துக்கொள்கிறது.

சரி, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் லீவு என்று உன்னிடம் சொன்னேனே தவிர எதற்கு என்று சொல்லவில்லை. தொடரில் நாலாவது வாரம் குளியலறையில் கழுத்தை நெரித்துக் கொன்ற வக்கீலை முப்பத்தோராவது வாரம் கிளப்பில் சீட்டாட விட்டு, ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கத்தியால் குத்திக் கொன்றுவிட்டேன். ஒரே ஆளை இரண்டு தடவை. வாசகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டார்கள், ஒருவர் மூன்றாவது தடவை விஷம் வைக்கலாம் என்று யோசனை வேறு சொல்லியிருந்தார். ஆசிரியர் போனில் ரொம்ப மரியாதையாக, மேடம், நீங்க மூணு மாசம் ரெஸ்ட் எடுங்க, அந்த வக்கீலும் கொஞ்சம் எடுத்துக்கட்டும் என்றார். மானம் போனாலும் லீவு கிடைத்ததே என்று ஒரு பட்டியல் போட்டேன். தொண்ணூறு நாளில் முப்பது புத்தகம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியும் விட்டேன். அதில் முதல் நம்பர் உன்னுடையது, சத்தியமாக. ஆனால் மகன் எழுதியதைத் தெளிந்த மனதோடு படிக்க வேண்டும், அதற்கு முன்னால் இரண்டாம் நம்பரைப் படித்து மனதைத் தெளியவைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன், தெளியவைத்துத் தெளியவைத்து இருபத்தாறு வரைக்கும் போய்விட்டேன்.

என்னவெல்லாம் படித்தேன் தெரியுமா. பேட்டிகளில் என்னை உருவாக்கிய நூல் என்று அளந்துவிட்டிருந்த எழுநூறு பக்கக் குண்டுப் புத்தகத்தை முதல் தடவையாகப் படித்தேன், முந்நூறாம் பக்கத்திலேயே எல்லோரும் காய்ச்சலில் செத்துவிடுகிறார்கள், மீதி நானூறு பக்கம் வீட்டைக் காலி செய்கிறார்கள். நன்றாகத் தூங்குவது எப்படி என்று ஒரு புத்தகம், பன்னிரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன், புத்தகம் சொன்னதைச் செய்துவிட்டதால் படித்ததாகவே கணக்கு. எண்ணிக்கை இடித்தபோது அப்பாவின் லிஃப்ட் பராமரிப்புக் கையேட்டைப் படித்தேன், என் தொடரைவிட அதில் விறுவிறுப்பு ஜாஸ்தி. அப்புறம் படம் போட்ட சின்னப் புத்தகங்களுக்கு இறங்கினேன். நூலகத்தில் முத்திரை குத்தும் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, மேடம், இது ஆறு வயசுப் பிள்ளைங்க படிக்கிறது என்றாள். எனக்குத் தெரியும், நீ குத்து என்றேன். இத்தனைக்கும் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துத் தொலைக்கிற ஜென்மம் நான். உன் நாவலில் மட்டும் அதைக்கூடச் செய்யவில்லை. செய்திருந்தால் மாட்டியிருக்க மாட்டேன்.

படிக்காத நேரத்தில் படம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய படமாகப் போடும் தியேட்டருக்கு வாரம் இரண்டு மதியம் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அவரோடு படம் பார்ப்பது தனி அனுபவம். இடைவேளை வரை தூங்குவார், எழுந்ததும் யாரு செத்தாங்க என்று கேட்பார், அதற்குப் பிறகு லிஃப்ட் வரும் காட்சிக்காகக் காத்திருப்பார். கதாநாயகியைத் துரத்திக்கொண்டு வில்லன் ஓடி வருகிறான், லிஃப்ட் கதவு மெல்ல மூடுகிறது, தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இவர் சத்தமாக, நடுவுல கையை விட்டா கதவு திறந்துக்கும்டா முட்டாள் என்று வில்லனுக்கு வழி சொல்லிக் கொடுக்கிறார். எனக்குப் பிடித்த பத்துப் படம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே, அதில் ஏழு படங்களை இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றரை மணி நேரம் ஒரு கிழவர் நாற்காலி செய்யும் வெளிநாட்டுப் படம் ஒன்றை மேடை மேடையாகப் புகழ்ந்திருக்கிறேன், அதில் நாற்காலி முடிகிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையில் பிடித்தது ரெட்டைச் சகோதரிகளில் ஒருத்தி லாரி ஓட்டும் அந்தப் படம்தான். பதினாலு தடவை பார்த்தாயிற்று, அவள் தங்கையை அடையாளம் கண்டு லாரியை நிறுத்தும் இடத்தில் பதினாலு தடவையும் அழுதாயிற்று. இதை வெளியே சொன்னால் உன்னைத் தொலைத்துவிடுவேன்.

விளையாட்டு போதும். உன் கட்டைத் தொடாததற்குக் காரணம் பயம், வேறொன்றும் இல்லை. மட்டமாக இருந்தால் பெற்ற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று பயம். என்னைவிட நன்றாக எழுதியிருந்தால் எப்படித் தாங்குவது என்று இன்னொரு பயம், இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது. எல்லாவற்றையும்விட, உள்ளே நான் இருப்பேனே என்ற பயம். அப்பாவிடம் கேட்டேன், நான் அதில் வர்றேனா என்று. வர்றே, படி என்றார். இரண்டு நாளில் படித்து முடித்தேன். உண்மையைச் சொல் என்றாய், சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதல் முப்பது பக்கத்தைத் தூக்கிப் போடு. நீ பாலம் கட்டும் எஞ்சினியர் என்பது எங்களுக்குத் தெரியும், அதற்காகத் திருகாணி முறுக்குவதைப் பதினோரு பக்கம் எழுதினால் நான் பெற்ற பாவத்துக்குப் படிக்கலாம், மற்றவர்கள் எதற்குப் படிக்க வேண்டும். உன் கதையில் வரும் அந்தப் பெண் ஒன்பது இடத்தில் கலகலவென்று சிரிக்கிறாள், எண்ணிவிட்டேன், ஒன்று போதும். யார் அழுதாலும் உடனே மழை பெய்கிறது, இவர்கள் அழுகிற அழுகைக்கு அந்த ஊரில் வெள்ளம் வராதது ஆச்சரியம். ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் லிஃப்ட் அப்படி நடுவில் நிற்காது என்று அப்பா ஓரத்தில் பென்சிலால் படமே வரைந்து வைத்திருக்கிறார், அதையும் திருத்து.

பதினாலாம் அத்தியாயத்தை மட்டும் தொடாதே. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன், உள்ளே அம்மா எழுதுகிறாள் என்று மூடிய கதவுக்கு வெளியே தரையில் படுத்துக் கதவிடுக்கு வழியாக அவள் பாதங்களைப் பார்க்கிறானே, அது. எழுத்து ஓடும்போது ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்ப்பாள், ஓடாதபோது இரண்டும் அசையாமல் இருக்கும், அப்போது கூப்பிடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். நான் அப்படித் தேய்ப்பது எனக்கே தெரியாதுடா. அப்பாவைக் கேட்டால் அதான் ஊருக்கே தெரியுமே என்கிறார். நீ அந்த நேரமெல்லாம் பக்கத்துத் தையல்காரர் வீட்டில் விளையாடுகிறாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நான் கதவைத் திறக்கும்போது அப்போதுதான் ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்க நிற்பாய். அந்த மூச்சு வாங்கல் நடிப்பு என்பது இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில்தான் எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்து அழுதேன். லாரிப் படத்துக்கு அழுகிற மாதிரி இல்லை, வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே, எழுதுகிறவளாகவும் சொல்கிறேன், இப்படி ஒரு அத்தியாயத்தை நான் இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எழுதியதில்லை, இனியும் எழுத முடியும் என்று தோன்றவில்லை. நல்லா இருந்தா முடிக்கிறேன் என்றாயே, முடி.

எப்படி முடிப்பது என்று என்னைக் கேட்காதே. வளர்ந்து வேலைக்குப் போய் லீவில் வந்தவன் அதே கதவின் முன் தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறான், அங்கே விட்டிருக்கிறாய். என்னிடம் கொடுத்தால் அவன் தட்டுவதற்கு முன்பே அவளை எழுந்து வந்து திறக்க வைத்துவிடுவேன். வாசகர்களுக்குப் பிடிக்கும், ஆசிரியருக்குப் பிடிக்கும், எல்லோரையும்விட எனக்குப் பிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன், அம்மா மனசு நோகும் என்று நீ அந்தக் கதவைத் திறந்துவிடாதே. எழுத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்து நான் அப்படித் திறந்ததில்லை. நடந்தது எதுவோ அதை எழுது, நான் படித்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, பாலத்தின் மேல் நின்று போன் பேசாதே. கை நிறைய எழுதி, தலையில் மிச்சம் இருக்கும் முடியோடு நூறு வயது இரு. அடுத்த வாரத்திலிருந்து எனக்குத் தொடர் மறுபடி ஆரம்பிக்கிறது, காலை முழுக்க அறைக்குள்தான் இருப்பேன். காலையிலேயே கூப்பிடு. எழுதிக்கொண்டிருந்தாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
பொய் சொல்லிப் பிடிபட்ட உன் அம்மா